மணி கோக்கும் கைகள்



கைத்தொழிலையே நம்பி வாழும் மக்களைப் பற்றி இப்பகுதியில் நாம் அவ்வப்போது எழுதி வருகிறோம். பாய் முடைவோர், கூடை பின்னுவோர், வலை கட்டுவோர் என்று பலரைக் கண்டாயிற்று. இத்திங்கள் நாம் எடுத்துக்கொள்வது, நம் திருத்தலங்களில் கொடியேற்றத்திற்கு முதல் நாளே வந்து இடம் பிடித்து, கொடியிறக்கத்திற்கு மறுநாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு போகின்ற ஒரு கூட்டத்தாரை. கோவில் மதிலோரம் ஒரு சாக்கு விரிப்பு. அதன்மேல் சிவப்பும் நீலமும் பச்சையும் கறுப்புமாகக் குவிந்த மாலைகள். அவற்றின் பின்னே, இடுப்பில் குழந்தையும் கையில் குறடுமாக ஒரு தாய். இக்காட்சியைக் காணாத பங்கு மக்கள் தமிழகத்தில் இருக்க முடியாது. ஆனால் நின்று கண்டவர் எத்தனை பேர்?

நரிக்குறவர் என்றும், சில மாவட்டங்களில் குருவிக்காரர் என்றும் நாம் அவர்களை அழைக்கிறோம். இரண்டுமே நாம் இட்ட பெயர்கள். அவர்கள் தம்மை 'வாக்ரி' என்பர். தமக்குள் பேசிக்கொள்ளும் மொழி வாக்ரிபோலி. அது குசராத்தி முதலான வடபுல மொழிகளின் இனத்தைச் சேர்ந்தது, எழுத்தில்லாதது. மராத்திய மன்னர் சிவாசியின் படையோடு தம் முன்னோர் தெற்கே வந்தனர் என்று சொல்லும் பெரியவர்கள் அவர்களுள் உண்டு. எப்படி வந்தனரோ, தலைமுறை பலவாக இந்த மண்ணிலேதான் பிறக்கிறார்கள், இந்த மண்ணிலேதான் மடிகிறார்கள். பழந்தமிழ்ப் பாட்டுகளில் வரும் குறிஞ்சி நிலத்துக் குறவரோடு இவர்களை ஒன்றாக்கி எழுதுவோர் உளர். பெயர் ஒற்றுமை ஒன்றே அதற்குக் காரணம். இருவரும் வேறு வேறு மக்கள்.

வேட்டையே அவர்களுடைய பழைய தொழில். நரி, முயல், காட்டுப்பூனை, கவுதாரி, கொக்கு ஆகியவற்றைக் கண்ணி வைத்தும் நாட்டுத் துப்பாக்கியால் சுட்டும் பிடித்தார்கள். வயலில் எலித்தொல்லையும் நரித்தொல்லையும் மிகுந்த காலத்தில் உழவரே அவர்களை அழைத்ததுண்டு. 1972ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காடும் காட்டுயிரும் காக்கப்பட வேண்டியவை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஒரு சட்டம் ஒரு மக்களின் சோற்றுப் பானையை மூடும்போது, வேறோர் அடுப்பை மூட்டிக் கொடுக்கும் கடமையும் அதற்கு உண்டன்றோ? அக்கடமையை நினைத்தவர் அந்நாளில் அதிகம் பேர் இலர். அதுவரை பெண்கள் பக்கத் தொழிலாகச் செய்து வந்த மணி வேலை, குடும்பம் முழுவதையும் தாங்கும் தூணாயிற்று. துப்பாக்கி பிடித்த ஆண்களின் கைகள் குறடு பிடிக்கக் கற்றுக்கொண்டன.

அந்த வேலையைச் சற்று அருகே சென்று பார்ப்போம்.

மாலை இரு வகை. ஒன்று, நூலிலோ நைலான் நரம்பிலோ கோப்பது. மற்றொன்று, கம்பியில் கட்டுவது. கோப்பது எளிது என்று எண்ணிவிட வேண்டா. கடுகளவே உள்ள ஊசிமணியின் துளை, மங்கிய கண்ணுக்குத் தெரிவதில்லை. நரம்பின் நுனியைச் சாய்வாக வெட்டி, மணிக்குவியலைக் கிண்ணத்தில் இட்டு, கண்ணால் பாராமல் விரல் நுனியாலேயே துளையைத் தேடிக் கோத்துக்கொண்டு போகிறார்கள். வண்ண வரிசைக்கு எழுதிய ஏடு எதுவும் கிடையாது. மூன்று சிவப்பு, ஒரு வெள்ளை, ஐந்து கறுப்பு என்று மனத்திலேயே ஒரு கணக்கு ஓடுகிறது. நடுவே பேச்சு நடக்கும், குழந்தைக்குச் சோறு ஊட்டப்படும், வாடிக்கைக்காரருக்கு விலை சொல்லப்படும். கணக்கு மட்டும் தவறுவதில்லை.

கம்பி வேலைதான் கடினமானது. பித்தளைக் கம்பியிலோ தாமிரக் கம்பியிலோ ஒரு சிறு துண்டு வெட்ட வேண்டும். மணியின் துளையில் அதைச் செலுத்தி, ஒரு பக்கம் குறட்டின் கூர்மூக்கால் வளைத்து ஒரு வளையம். அதை அடுத்த மணியின் வளையத்தில் மாட்டி, மறுபக்கம் இன்னொரு வளையம். ஒரு மணிக்கு இரண்டு வளையம். நூலில் கோத்த மாலை அறுந்தால் மணிகள் அத்தனையும் தெருவில் உருளும். கம்பியில் கட்டியதோ, ஓரிடத்தில் விட்டாலும் மற்ற மணிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் செபமாலையை நாம் கம்பியில் கட்டியதாகப் பார்த்து வாங்குகிறோம்.

இனி ஒரு கணக்கு. ஐந்து பத்துகள் கொண்ட செபமாலையில், தொங்கலில் உள்ளவற்றையும் சேர்த்து, 59 மணிகள். ஆகவே 118 வளையங்கள். பழகிய கை ஒரு வளையத்தை அரை நிமிடத்தில் முடிக்கும் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மணி கட்டவே ஏறக்குறைய ஒரு மணி நேரம். பாடுபட்ட சுரூபத்தைப் பொருத்துவதும், பத்துக்குப் பத்து இடைவெளி விட்டுச் சங்கிலிக் கண்ணி சேர்ப்பதும் தனி. இந்துக்கள் கையில் உருட்டும் 108 மணி மாலையென்றால் 216 வளையங்கள். இரண்டு மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவு. அடுத்த முறை திருவிழாக் கடையில் ஒரு மாலையைக் கையில் எடுத்து, 'இது என்ன, வெறும் பாசிதானே?' என்று கேட்குமுன், வளையங்களை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வேலையால் வரும் நோவும் சொல்லத்தக்கது. குனிந்தே இருப்பதால் கழுத்தும் முதுகும் வலிக்கின்றன. தெருவிளக்கின் கீழ் நள்ளிரவு வரை வேலை செய்வதால் கண்ணில் நீர் வடிகிறது. கம்பி முனை குத்திக் குத்தி வலக்கைப் பெருவிரல் காய்த்துப் போகிறது. ஒரு திருத்தலத்தில் நாம் கண்ட மூதாட்டி ஒருவர், தம் விரலை நீட்டி, 'இதுல இனிமே குத்தினாலும் தெரியாது சாமி' என்று சிரித்தார். அதை ஒரு பெருமைபோலவே சொன்னார்.

மணிகள் எங்கிருந்து வருகின்றன? இது பெரிய கதை. ஆவலைத் தூண்டும் கதையுங்கூட. கண்ணாடி மணி செய்வதில் ஒரு காலத்தில் நம் கரையே உலகுக்கு வழிகாட்டியாய் இருந்தது. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் என்னும் ஆங்கில அறிஞர் அகழ்ந்தார். உரோமானிய மட்கலங்களோடு அங்கே எண்ணற்ற மணிகளும் கிடைத்தன. உருகிய கண்ணாடியை நீண்ட மெல்லிய குழலாக இழுத்து, அக்குழலைத் துண்டு துண்டாய் வெட்டி, சாம்பலோடு சேர்த்து மறுபடியும் சூடேற்றி, கூர்முனை மழுங்கச் செய்வது அந்நாளைய முறை. அம்முறையில் உருவான சிறு மணிகள் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து கொரியா, சப்பான் வரை மண்ணுக்கடியில் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. ஆந்திர நாட்டில் திருப்பதிக்கு அருகில் உள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இதே முறையில் மணி செய்யும் குடும்பங்கள் இருபதாம் நூற்றாண்டிலும் தொழில் நடத்தின என்பது அறிஞர்களை வியக்க வைத்தது. ஈராயிரம் ஆண்டுத் தொழில்நுட்பம் ஏட்டில் ஏறாமல், தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கு இறங்கியே வந்திருக்கிறது!

கல்மணியும் அப்படியே. ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றங்கரையிலுள்ள கொடுமணலில் 1985ஆம் ஆண்டு முதல் நடந்த அகழாய்வுகளில் படிகம், பச்சைக்கல், சூதுபவளம் ஆகியவற்றால் ஆன மணிகள், செய்து முடித்தவையும் பாதியில் நின்றவையுமாகக் கிடைத்தன. பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று வரும் ஊர் இதுவே என்பர். பாதியில் நின்ற மணியைப் பற்றி நினைக்கும்போது நமக்கு எப்போதும் ஒரு நெகிழ்ச்சி உண்டாகிறது. துளையிடும்போது உடைந்ததா, வேலைக்காரர் எழுந்து போய்த் திரும்பி வரவில்லையா? யாருக்குத் தெரியும்!

இந்நாளில் நரிக்குறவர் வாங்கும் கண்ணாடி மணியில் ஒரு பகுதி உத்தரப் பிரதேசத்திலிருந்து வருகிறது. அங்கே அத்ராசு மாவட்டத்துப் புர்தில்நகர் என்னும் சிற்றூரில், சூட்டில் இளகிய கண்ணாடியை இரும்புக் கம்பியில் சுற்றி மணி செய்கிறார்கள். சூதுபவளமும் மற்றக் கல்மணிகளும் குசராத்தின் கம்பாத்திலிருந்து வருவன. கம்பாத்தில் கல்லைத் தேய்க்கும் ஏழைகளின் நுரையீரலில் கல்தூசி படிந்து, சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோய் வருகிறது; இளவயதிலேயே இறந்தோர் பலர். கழுத்தில் மின்னும் கல்லுக்குப் பின்னால் அப்படியும் ஒரு விலை உண்டு. பட்டை தீட்டிய பளிங்கு மணிகளோ பெரும்பாலும் சீன நாட்டுப் பொறிகளில் பிறந்தவை. ஒன்றுபோல் ஒன்று இருக்கும்; விலையும் மலிவு. அவற்றோடு போட்டியிட முடியாமல் புர்தில்நகரத்து அடுப்புகள் பல அணைந்துவிட்டன. இவையெல்லாம் சென்னைப் பாரிமுனையிலும் சௌகார்பேட்டையிலும் உள்ள மொத்தக் கடைகளுக்கு வந்து, கிலோக் கணக்கிலும் சரக் கணக்கிலும் நரிக்குறவர் மூட்டைக்குப் போகின்றன.

கடையில் பவளம் என்று கேட்டு வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. ஐம்பது ரூபாய்க்குக் கிடைப்பது பவளமன்று, சிவப்புக் கண்ணாடி. விற்பவருக்கும் அது தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அண்மை ஆண்டுகளில் கருங்காலி மாலைமீது தமிழ்நாட்டில் பெரிய மோகம் எழுந்தது. படித்தவரும் பணக்காரரும் அதைத் தேடி அலைந்தனர். உண்மைக் கருங்காலியோடு சாயமேற்றிய வேறு மரமும் சந்தைக்கு வந்தது. நல்ல மாலையை ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பெரிய கடையில் வாங்கியவர், அதே மரத்தில் அதே கம்பியில் கட்டியதை மதிலோரத்தில் கண்டால் நூறு ரூபாய்க்கு வாதாடுகிறார். கடைக்குக் கூரை இருந்தால் மணிக்கும் மதிப்பு வந்துவிடுகிறது போலும்.

மணியைப் பற்றிப் பேசும்போது குன்றிமணியை விட முடியுமா? சிவப்பில் கறுப்புப் பொட்டிட்ட அந்த விதைக்குத் தாவர நூலார் வைத்த இலத்தீன் பெயரின் பிற்பகுதி, செபத்தோடு தொடர்புடைய சொல். பல நாடுகளில் அதைத் துளையிட்டுச் செபமாலை செய்ததே காரணம். ஆங்கிலத்தில் மணியைக் குறிக்கும் சொல்லுங்கூட ஆதியில் செபம் என்றே பொருள்பட்டதாம். குன்றிமணி கொடிய நஞ்சு என்பதை மட்டும் குழந்தையுள்ள வீட்டார் மறக்க வேண்டா. தோல் உடையாத விதையைவிட, மென்றதும் துளையிட்டதுமே பேராபத்து. அத்தகைய மாலை வீட்டிலிருந்தால் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைப்பது நலம்.

நரிக்குறவரின் நாட்காட்டியைப் போன்ற ஒன்றை நாம் வேறெங்கும் கண்டதில்லை. ஆகஸ்டு 5இல் தூத்துக்குடிப் பனிமய மாதா. ஆகஸ்டு 29இல் வேளாங்கண்ணிக் கொடியேற்றம். செப்டம்பர் 8 வரை அங்கேதான். செப்டம்பர் 14இல் மணப்பாட்டுத் திருச்சிலுவை. கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலையிடுவோருக்காகத் துளசிமணியும் உருத்திராட்சமும். தையில் பழனிப் பூசம், பங்குனியில் உத்திரம். இடையில் நாகூர்க் கந்தூரி. நாகூருக்குப் போகும்போது மூட்டையில் தஸ்பீஹ் மாலை ஏறுகிறது. அதற்கு மணி 33 அல்லது 99. சபரிமலைக்கு 108. நமக்கு 59. எந்தச் சமயத்தாருக்கு எத்தனை மணி, எந்த இடத்தில் பெரிய மணி, எந்த இடத்தில் குஞ்சம் என்பது அத்தனையும் அந்த எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு மனப்பாடம். அவர்களுக்கென்று தெய்வ வழிபாடு தனியே உண்டு. குலந்தோறும் தம் தேவியின் துணிகளைப் புனித மூட்டையாகக் கட்டிக் காப்பார்கள். ஆயினும் பிறர் செபிக்கும் கருவியைச் செய்து கொடுப்பதில் அவர்கள் ஓரவஞ்சனை காட்டியதில்லை.

இந்த நாட்காட்டி ஒருமுறை அப்படியே நின்று போயிற்று. 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றுப் பரவியபோது, வேளாங்கண்ணித் திருவிழா திருப்பயணிகள் இன்றியே நடந்தது. மறு ஆண்டும் அப்படியே. நமக்கு அது தொலைக்காட்சியில் திருப்பலி கண்ட காலம்; திருவிழாவை நம்பியே ஆண்டுக் கணக்குப் போடுபவருக்கு அடுப்பு அணைந்த காலம். மாத ஊதியம் வாங்குவோர் வீட்டில் இருந்தால் ஊதியம் வரலாம். மூட்டையில் இருக்கும் மணி தானாக விற்குமா?

பணத்தின் போக்கைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை பாதிக் கட்டுரையாகிவிடும். திருவிழாவுக்கு இரு வாரம் முன்பே சரக்கு எடுக்க வேண்டும். கையில் முதல் இல்லை. வங்கியில் கேட்டால் முகவரி கேட்பார்கள், பிணை கேட்பார்கள். ஆகவே தண்டல்காரரிடம் போகிறார்கள். கொடுக்கும்போதே வட்டியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பது அந்த வழக்கம். திருவிழாவில் மழை பெய்தால் விற்பனை போயிற்று, வட்டி போவதில்லை. அதற்கு மேல் இடத்திற்கு வாடகை வாங்குவோர், குத்தகைக்காரர், 'இங்கே உட்காராதே' என்று விரட்டுவோர், விரட்டாமலிருக்கக் கை நீட்டுவோர். எல்லாரும் எடுத்தபின் மிஞ்சுவதே அந்த ஒரு மணி நேர வேலைக்குக் கூலி.

இதற்குப் பின் நாம் வருகிறோம். அறுபது ரூபாய் என்றால் இருபதுக்குக் கேட்கிறோம். பேரம் பேசுவது பாவம் என்று நாம் சொல்ல வரவில்லை. பேரம் பேசாத சந்தை உப்பில்லாத பண்டம். அவர்களும் அதை விரும்பியே ஆடுகிறார்கள். ஆனால் துணிக்கடையில் ஒட்டிய விலைச்சீட்டைப் பார்த்து வாய் திறவாமல் பணத்தை எண்ணி வைப்பவர், இவரிடம் வந்ததும் புலியாவது ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது. குழந்தை பாலுக்கு அழும் நேரம் பார்த்து, மாலை இருட்டும் நேரம் பார்த்து, 'கொடுத்தால் கொடு' என்று நடையைக் கட்டுவது பேரமாகாது. அதன் பெயர் வேறு.

இன்னொன்று, அழைக்கும் முறை. அவர்கள் நம் வீட்டுச் சிறு பிள்ளையையும் 'சாமி' என்கிறார்கள். நம் வீட்டுச் சிறு பிள்ளை அந்தப் பாட்டியை 'ஏய்' என்கிறது. நாம் கேட்டுக்கொண்டு நிற்கிறோம். 'அம்மா, இந்த மாலை என்ன விலை?', 'பாட்டி, இந்தக் கொக்கியைச் சற்று இறுக்கிக் கொடுங்கள்' என்று கேட்கக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்க எவ்வளவு நேரமாகும்? 2023 மார்ச்சுத் திங்களில் சென்னையில் ஒரு திரையரங்கின் வாயிலில், நுழைவுச்சீட்டைக் கையில் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பம் ஒன்று தடுத்து நிறுத்தப்பட்டது. அக்காட்சி ஊரெங்கும் பரவிக் கண்டனம் எழுந்த பிறகே வழி பிறந்தது. பணம் கொடுத்து வாங்கிய சீட்டுக்கே அந்த மதிப்பு. பள்ளி வாயிலிலும், மருத்துவமனை வரிசையிலும், ஏன், கோவில் வாசலிலும் ஒருவரும் படம் பிடிக்காத நேரத்தில் என்ன நடக்கிறது என்பதை நம் பங்கு இளைஞர் மன்றத்தார் ஒருநாள் நின்று பார்த்துப் பேசினால் நன்று.

அவர்கள் வாழ்வில் இப்போது ஒரு கதவு திறந்திருக்கிறது. இதை வாசகர் அறிந்திருப்பது பயன் தரும். நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று 1965ஆம் ஆண்டிலேயே லோகூர் குழு பரிந்துரைத்தது. பரிந்துரை கோப்பில் உறங்கியது. தமிழ்நாட்டில் அவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே நின்றார்கள். 2008ஆம் ஆண்டில் மாநில அரசு அவர்களுக்கென ஒரு நல வாரியம் அமைத்தது. இறுதியாக 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் இசைந்து, 2023 சனவரியில் சட்டமாயிற்று. நரிக்கொறவன், குருவிக்காரன் என்னும் இரு பெயர்களும் பட்டியலில் ஏறின. இடையில் கழிந்தவை ஐம்பத்தேழு ஆண்டுகள். பரிந்துரை வந்த நாளில் பிறந்த குழந்தை, சட்டம் வந்த நாளில் பேரன் பேத்தி கண்டிருக்கும்.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. சான்றிதழ் கையில் வர வேண்டும். முன்பு பெற்ற சாதிச் சான்று இப்போது செல்லாது. பழங்குடிச் சான்றினை வருவாய்க் கோட்டாட்சியரே விசாரித்துத் தர வேண்டும். நிலையான வீடில்லாதவரிடம் குடும்ப அட்டை கேட்டால் எங்கே போவார்கள்? பெற்றோரின் பழைய சான்று கேட்டால் எந்த மூட்டையில் தேடுவார்கள்? விண்ணப்பத்தை நிரப்ப, அலுவலகத்திற்கு உடன் செல்ல, 'மறுநாள் வா' என்று சொல்லும்போது மறுநாளும் கூட வர ஒருவர் வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் எழுத்தர்களும் இல்லாத பங்கு எது? அவர்களுள் ஒருவர் மாதம் ஒரு காலை நேரத்தைக் கொடுத்தால், ஒரு பிள்ளையின் கல்லூரிப் படிப்பு அதில் அடங்கியிருக்கும்.

பிள்ளைகளின் படிப்பே இத்தொழிலின் தீராத சிக்கல். திருச்சிராப்பள்ளிக்கு அருகே தேவராயநேரியில் உள்ளதுபோல் நிலையான குடியிருப்பு அமைந்த இடங்களில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். பட்டம் பெற்றோரும் அச்சமூகத்தில் உண்டு. ஆனால் ஆகஸ்டில் பெற்றோர் வேளாங்கண்ணிக்குக் கிளம்பினால் பிள்ளையை யாரிடம் விடுவது? கூட்டிக்கொண்டு போகிறார்கள். காலாண்டுத் தேர்வு போகிறது. கார்த்திகையில் கிளம்பினால் அரையாண்டு போகிறது. இரண்டு ஆண்டு இப்படிப் போனால் வகுப்பில் உட்கார வெட்கம் வந்துவிடுகிறது, பள்ளியே போகிறது. 'படிப்பில் அக்கறை இல்லாத மக்கள்' என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். திருவிழாக் காலத்தில் மட்டும் பிள்ளைகள் தங்கிப் படிக்க ஓர் இடம் இருந்தால் நிலைமை மாறும். நம் துறவியர் நடத்தும் விடுதிகள் சிலவற்றில் இடம் காலியாகக் கிடப்பதாகக் கேள்விப்படுகிறோம். மேற்கொண்டு சொல்வது நம் வேலையன்று.

பெண்கள் வாசற்படியில் அமர்ந்து மணி கோப்பது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இத்தாலியின் வெனிசு நகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்கள் இவ்வேலையே செய்தனர். மடியில் மரத்தட்டு நிறைய ஊசிமணி. கையில் விசிறிபோல் விரித்த நீண்ட ஊசிகள் பல. ஒரே வீச்சில் ஊசிகள் அத்தனையையும் குவியலுக்குள் செலுத்தினால் ஒவ்வொன்றிலும் மணிகள் தாமே ஏறிக்கொள்ளும். அவர்களுக்கும் ஆலை முதலாளிக்கும் நடுவே தரகுப் பெண்கள் இருந்து கூலியில் பங்கு எடுத்தனர். 1904ஆம் ஆண்டில் அப்பெண்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கத்தோலிக்க நகரம், மாதா பக்தி மிகுந்த தெருக்கள், பேரம் மட்டும் இங்கே நடப்பதுபோலவே.

முடிக்குமுன், வாசகர் பலருக்கு உதவும் ஒரு செய்தி. பாட்டி காலத்துச் செபமாலை அறுந்து, ஒரு மணி தொலைந்து, பீரோவின் மூலையில் கிடக்காத வீடு இல்லை. மந்திரித்த பொருளாதலால் எறியவும் மனம் வராது, செபிக்கவும் உதவாது. திருவிழாவுக்குப் போகும்போது அதை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துச் செல்லுங்கள். மணி கட்டும் அந்தத் தாயிடம் கொடுத்தால், முதலில் விரலால் பத்துப் பத்தாகத் தடவி எண்ணிப் பார்ப்பார். எந்தப் பத்தில் குறைகிறது என்பதை உடனே சொல்லிவிடுவார். பழைய மணியின் நிறத்துக்கு ஒத்த மணியைத் தம் கிண்ணங்களில் தேடுவார், அதற்குத்தான் நேரமாகும். கிடைத்துவிட்டால் வேலை சில நிமிடங்களே. கறுத்துப்போன கம்பியை முழுவதும் மாற்றிக் கட்டச் சொன்னால் அன்று மாலை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வார். கூலியை முன்னதாகவே பேசிக்கொள்ளுங்கள், கேட்டதைக் கொடுங்கள். மரமணிக்குப் பித்தளைக் கம்பி பொருந்தும். கண்ணாடி மணிக்குச் சற்றுத் தடித்த கம்பி வேண்டும்; மெல்லியது வியர்வையில் விரைவில் அரித்துவிடும். சுரூபம் தேய்ந்திருந்தாலும் அதை மாற்ற வேண்டா என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கட்டும் என்று புதியது ஒன்றைப் போட்டுவிடுவார்கள்.